ரெண்டே பெடல் இருக்கற வண்டில கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் எங்க இருக்கும்?

இந்த தடவ டெல்டா பக்கத்துலேர்ந்து ஒரு டீச்சர் எழுதிருக்காங்க. பேரு ஊரு எதுவும் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால டீச்சர்னே கூப்பிடறேன். கடிதம் நாலு பக்கம், சுருக்கி சொல்றேன்.

வயசு 56. போன வருஷம் இடது முட்டில ஆபரேஷன். கிளட்ச் மிதிக்க முடியலன்னு 14 வருஷமா ஓட்டுன பழைய வண்டிய குடுத்துட்டு, 7 மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல 2019 மாடல் எர்டிகா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வாங்கிருக்காங்க. வாங்கும்போது 68,000 கிலோமீட்டர், இப்ப 72,000 தாண்டிருச்சு. ஒரு மாசமா ரெண்டு தொந்தரவு. காலைல எடுக்கும்போது பி-லேர்ந்து (பார்க்கிங்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) போட்டா ரெண்டு மூணு செகண்டு ஒண்ணுமே நடக்கல, அப்பறம் 'டொக்'னு ஒரு அடி அடிச்சு வண்டி நகருது. 55, 60 ஸ்பீடுல ஆக்சிலரேட்டர லேசா வெச்சு ஓட்டுனா, ஸ்பீடு பிரேக்கர் கோடு மேல தொடர்ந்து ஏறுற மாதிரி ஒரு நடுக்கம். பழைய வண்டிய 14 வருஷமா பாத்த அதே மெக்கானிக் பானெட்ட தொறந்து பாத்துட்டு "கிளட்ச் ஹைட்ராலிக் வீக் ஆயிருச்சு டீச்சர்"னு சொல்லி மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், கிளட்ச் ஆயில், கூலி எல்லாம் சேத்து 11,400 ரூபான்னு பேப்பர்ல எழுதி குடுத்து 4,000 அட்வான்ஸும் வாங்கிட்டாரு. பெங்களூர்ல இருக்கற அண்ணன் பையன் போன்ல கேட்டுட்டு "அத்த, ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சே கெடையாது, கியர்பாக்ஸ் ஆயில்லாம் லைஃப்டைம், எதையும் தொடாதீங்க, அவன் உங்கள ஏமாத்தறான்"னு சத்தம் போட்டிருக்கான். டீச்சர் கடைசில எழுதுன வரி இது: "என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து வண்டி ஓட்டுன மனுஷன் அவர், திருடன்னு நெனைக்க மனசு வரல, ஆனா பையன் சொல்றதும் சரியா தான படுது?"

டீச்சர், பையன் சொன்னதுல பாதி தப்பு, மெக்கானிக் சொன்னதுல பாதி சரி. வேடிக்கை என்னன்னா நோய் என்னன்னு கிட்டத்தட்ட சரியா சொன்னவரு மெக்கானிக் தான், ஆனா மருந்த போடப்போற எடம் தான் உங்க வண்டிலயே இல்லாத எடம்.

அந்த சிலிண்டர் ஏன் உங்க வண்டில இல்ல

பழைய மாதிரி கிளட்ச் வண்டில நீங்க இடது காலால மிதிக்கறீங்க, அந்த மிதி ஒரு சின்ன பிஸ்டன தள்ளுது, அது தான் மாஸ்டர் சிலிண்டர். அதுலேர்ந்து மெல்லிசா ஒரு பைப்புல ஆயில் போயி கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கற ஸ்லேவ் சிலிண்டர தள்ளும், அது ஃபோர்க்க தள்ளும், ஃபோர்க் பேரிங்க தள்ளும், பேரிங் பிரஷர் பிளேட்ட அமுக்கி கிளட்ச் தட்ட விடுவிக்கும். இத்தன கூத்தும் எதுக்குன்னா உங்க காலோட பலத்த இங்கேர்ந்து அங்க கொண்டு சேக்கறதுக்கு மட்டும் தான். அதாவது உங்க இடது காலு தான் அங்க பம்ப். (நெறைய சின்ன வண்டில இந்த ஆயில் கூட கெடையாது, சைக்கிள் பிரேக் மாதிரி வெறும் கேபிள் தான்.) இப்ப மிதிக்கற காலே இல்ல, பெடலே இல்லங்கும்போது அந்த பலத்த கடத்தற பைப்பு சிலிண்டர் மட்டும் எதுக்கு இருக்கணும்? கம்பெனிக்காரன் வெக்கல.

சரி, அப்ப இன்ஜினையும் சக்கரத்தையும் எது சேக்குது? உங்க எர்டிகா நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர் வண்டி. நீங்க வயக்காட்டு ஊரு, அதனால பம்ப் செட்ட வெச்சு சொல்றேன். மோட்டார் கொட்டாய்ல பம்புக்குள்ள இம்பெல்லர்னு ஒண்ணு சுத்தும்ல, அதே பேருல அதே வேலைய பண்ற ஒண்ணு இங்கயும் இருக்கு, இன்ஜின் சுத்துனா இம்பெல்லர் சுத்தும், அது ஆயில வாரி அடிக்கும், எதுத்தாப்ல இருக்கற இன்னொரு சக்கரம், டர்பைனுன்னு பேரு, அந்த ஆயில் அடிக்கற வேகத்துல சுத்தி கியர்பாக்ஸ சுத்த வெக்கும், நடுவுல ஸ்டேட்டர்னு ஒண்ணு திரும்பி வர ஆயில நல்ல கோணத்துல திருப்பி விட்டு பலத்த கூட்டும். இரும்பும் இரும்பும் தொடறதில்ல, நடுவுல ஆயில் மட்டும் தான். அதனால தான் நீங்க சிக்னல்ல டி-ல (டிரைவ்) போட்டு பிரேக்க மிதிச்சு நின்னாலும் இன்ஜின் திணறி நின்னு போறதில்ல, ஆயில் வழுக்கிக்கிட்டே இருக்கு. உங்க ஊர்ல வாய்க்கா தூர் வார்ற ஜேசிபிக்குள்ளயும் இதே டார்க் கன்வெர்ட்டர் தான், ஒண்ணும் விண்வெளி சமாச்சாரம் இல்ல. இத மொதல்ல யோசிச்சது காருக்கே இல்ல, 1905 வாக்குல ஜெர்மனில ஹெர்மன் ஃபோட்டிங்கர்ங்கறவரு கப்பலுக்காக பண்ணது. அமெரிக்கால 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்லயே கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் வந்துருச்சு, ஆனா நம்ம ஊரு ஷெட்டுகளுக்கு அது நெறையா வர ஆரம்பிச்சது நேத்து முந்தாநேத்து மாதிரி தான். நானே மொத மொதல்ல ஒரு ஆட்டோமேட்டிக்க ஷெட்டுக்குள்ள ஓட்டிட்டு வரும்போது பழக்கத்துல இடது கால தூக்கி பிரேக்க குத்தி கஸ்டமர் நெத்திய டேஷ்போர்டுல மோத விட்டவன் தான், அதனால உங்க மெக்கானிக்க பாத்து சிரிக்க மாட்டேன்.

ஆனா கிளட்ச்சே இல்லன்னு பையன் சொன்னது தப்பு

அந்த கியர்பாக்ஸுக்குள்ள ஒண்ணு இல்ல, பல கிளட்ச் இருக்கு. வட்ட வட்டமா தட்டுங்க அடுக்கடுக்கா, எல்லாமே ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கும். எந்த கியர் வேணுமோ அந்த அடுக்குக்கு ஆயில் பிரஷர் போயி தட்டுகள ஒட்ட வெக்கும், அவ்ளோ தான் கியர் மாறிருச்சு. அந்த பிரஷர குடுக்கறது உள்ளயே இருக்கற ஒரு பம்ப், இன்ஜின் ஓடறவரைக்கும் அது ஓடும். எந்த அடுக்குக்கு எப்ப போகணும்னு வழி விடறது வால்வு பாடியும் சோலனாய்டும், அதுக்கு உத்தரவு போடறது ஒரு கம்ப்யூட்டர். ஆக ஹைட்ராலிக் இல்லாத வண்டி இல்ல இது, கிளட்ச் வண்டிய விட பல மடங்கு ஹைட்ராலிக். காலால மிதிக்கற ஹைட்ராலிக் மட்டும் தான் இல்ல.

இப்ப உங்க தொந்தரவுக்கு வாங்க. ஆர்-ல போட்டு மூணு செகண்டு கழிச்சு அடிக்குதுன்னா, பிரஷர் அந்த தட்டு அடுக்குக்கு லேட்டா போயி சேருதுன்னு அர்த்தம். ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஆயில் கீழ எறங்கிருக்கும், லெவலும் கொறஞ்சிருந்தா பம்ப் ரொப்பறதுக்கு நேரம் எடுக்கும், அதனால தான் காலைல மட்டும். 55, 60ல வர நடுக்கம், டார்க் கன்வெர்ட்டருக்குள்ள லாக்-அப் கிளட்ச்னு ஒண்ணு இருக்கு, ஸ்பீடு நிதானமா இருக்கும்போது வழுக்கல நிறுத்தி நேரா இணைக்கறதுக்கு, அது பிடிக்கும்போது பழைய ஆயில்ல பிடிச்சும் பிடிக்காம உதறுது. ரெண்டுமே ஒரே பக்கம் தான் கைய காட்டுது: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், அதாவது ஏடிஎஃப், ஒண்ணு கொறஞ்சிருக்கு இல்ல கெட்டிருக்கு, பெரும்பாலும் ரெண்டும். கடிதத்த மட்டும் வெச்சு இது தான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா மொதல்ல பாக்க வேண்டியது இது தான்.

உங்க மெக்கானிக் பானெட்ட தொறந்து ஒரு டப்பாவ காட்டி கிளட்ச் ஆயில் கருத்துருச்சுன்னு சொன்னதா எழுதிருக்கீங்கல்ல, அது பிரேக் ஆயில் டப்பா. சில கிளட்ச் வண்டில பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாலேர்ந்து தான் போகும், அவருக்கு அந்த கண்ணு பழக்கம்.

லைஃப்டைம் ஆயில்ங்கற பேச்சு

இத நம்பி கெட்ட கியர்பாக்ஸ் நெறையா. அந்த ஆயில் ஒரே நேரத்துல நாலு வேல பாக்குது, பலத்த கடத்துது, பிரஷர் குடுக்குது, குளிர வெக்குது, தட்டுக்கும் தட்டுக்கும் எவ்ளோ பிடிமானம் வேணுமோ அந்த அளவ காப்பாத்துது. வழுக்கல்ல வர சூடு மொத்தமும் அதுக்குள்ள தான் எறங்குது. பள்ளிக்கூட நேரத்துல கடைத்தெருவுல ஊந்து ஊந்து போற வண்டி, நாற்பது டிகிரி வெயில், ஏசி, அஞ்சாறு பேரு, இதெல்லாம் ஓனர்ஸ் மேனுவல்ல கடினமான ஓட்டம்னு தனியா ஒரு அட்டவணை போட்டிருப்பான்ல, அதுல வர்றது. பொதுவா இந்த மாதிரி டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு 40,000லேர்ந்து 60,000 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவ மாத்துனா நிம்மதி, மேனுவல்ல உங்க வண்டிக்கு வேற கணக்கு போட்டிருந்தா அது தான் உச்சம்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு வித்தவரு மாத்துனாரான்னு பழைய சர்வீஸ் பில்ல பாருங்க, அதுல ஏடிஎஃப்னு ஒரு வரி இல்லன்னா 72,000க்கும் கம்பெனி ஊத்துன அதே ஆயில் தான்.

இன்னொரு பயமும் ஊர்ல ஓடுது, பழைய ஆட்டோமேட்டிக்ல ஆயில் மாத்துனா பெட்டி போயிரும்னு. அது எப்படி வந்துச்சுன்னா, தட்டெல்லாம் தேஞ்சு தீஞ்சு போன பெட்டிக்கு கடைசி காலத்துல புது ஆயில் ஊத்துவாங்க, அதுக்கு முன்னாடி தேஞ்ச தூசி ஆயில்ல கலந்திருந்து கொஞ்சம் பிடிமானம் குடுத்துட்டு இருக்கும், புது ஆயில்ல வழுக்க ஆரம்பிக்கும், பழி ஆயில் மேல. உங்க வண்டி அந்த நிலமைல இருக்கற மாதிரி தெரியல, கியர் மாறும்போது ஆர்பிஎம் சும்மா ஏறுதுன்னு நீங்க எழுதல. ஆனா இப்படியே ஆறு மாசம் விட்டா அங்க தான் போய் நிக்கும்.

என்ன பண்ணணும், எந்த வரிசைல

மொதல்ல ஆட்டோமேட்டிக் பாத்து பழகுன ஒரு எடத்துல ஸ்கேனர் போட சொல்லுங்க. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல எதாவது எரர் கோட், அதாவது பழுத சொல்ற நம்பர், விழுந்திருக்கான்னு பாக்காம யாரும் ஸ்பேனர எடுக்க கூடாது. பேட்டரி வோல்டேஜும் அப்பவே பாத்துரட்டும், வீக் பேட்டரி இந்த கம்ப்யூட்டர்கள என்னென்னமோ உளற வெக்கும்.

ரெண்டாவது வண்டிய தூக்கி அடில பாக்கணும். கியர்பாக்ஸ் அடில ஆயில் தேங்கற தட்டு (பேன்னு சொல்லுவாங்க), அதோட கேஸ்கெட், டிரைவ் ஷாஃப்ட் உள்ள போற எடத்துல ஆயில் சீல், கூலருக்கு போற ஹோஸ், இந்த மூணுல எங்க கசிவு இருந்தாலும் லெவல் கொறையும். லெவல் பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, வண்டிக்கு வண்டி மாறும், சமதளத்துல நிறுத்தி ஆயில் குறிப்பிட்ட சூட்டுல இருக்கும்போது மேனுவல் சொன்னபடி தான் பாக்கணும், இன்ஜின் ஆயில் பாக்கற மாதிரி காலைல டிப்ஸ்டிக்க உருவி பாத்தா கணக்கு தப்பும். கூட ஊத்துனாலும் ஆபத்து, நொரை கட்டி பிரஷர் போயிரும்.

மூணாவது ஆயில் மாத்தறது. மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அதே தான், கடைக்காரர் "இது எல்லாத்துக்கும் சேரும் மேடம்"னு தர்றது வேணாம். ஒரு தடவ இறக்குனா முழு ஆயிலும் வராது, நல்ல பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள்ளயே தங்கிரும். அதனால இறக்கி ஊத்தி, ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒரு தடவ இறக்கி ஊத்துறது தான் நான் பண்ற வழி. மெஷின் வெச்சு பிரஷர்ல ஃப்ளஷ் பண்றேன்னு சொல்லுவாங்க, இத்தன நாள் மாத்தாத பெட்டிக்கு நான் அத பண்ண மாட்டேன், அடில படிஞ்ச அழுக்கு கெளம்பி வால்வு பாடிக்குள்ள போயி உக்காந்துரும்னு பயம். பேன கழட்டும்போது உள்ள இருக்கற காந்தத்த நீங்களே பாருங்க. சாம்பல் கலர் பசை மாதிரி ஒட்டிருந்தா இயல்பான தேய்மானம். துண்டு துண்டா இரும்பு இருந்தா அங்கயே நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க, அப்ப கதை வேற. ஃபில்டர கழுவணுமா மாத்தணுமாங்கறத அப்பவே முடிவு பண்ணிரலாம்.

'டொக்' சத்தம் ஆயில் மாத்தியும் போகலன்னா இன்ஜின் மவுண்ட் ரப்பர பாக்கணும், ஏழு வருஷ வண்டில அது வெடிச்சிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு.

இது தவிர உங்க மெக்கானிக் தெரியாம கைய காட்டுன பிரேக் ஆயில நெஜமாவே மாத்திருங்க. அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனா 140லயே கொதிக்கலாம், கொதிச்சா பெடல் பொசுக்குனு உள்ள போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறது. ஆட்டோமேட்டிக்ல கியர எறக்கி ஸ்பீட கொறைக்கற பழக்கம் போயிருது, எல்லாத்துக்கும் பிரேக் தான், அதனால பேடும் சீக்கிரம் தேயும். கூலன்ட்டையும் மறக்காதீங்க, நெறைய ஆட்டோமேட்டிக்ல ஏடிஎஃப்ப குளிர வெக்கற கூலர் ரேடியேட்டருக்குள்ளயே இருக்கு, அது உள்ள ஓட்டையாச்சுன்னா கூலன்ட் கியர்பாக்ஸுக்குள்ள போயி ரோஸ்மில்க் மாதிரி ஆயிரும், அதுக்கு மேல காப்பாத்தறது கஷ்டம்.

ஒண்ணு மட்டும் நடக்கவே கூடாது டீச்சர், பிரேக் ஆயில் கியர்பாக்ஸுக்குள்ளயும் போக கூடாது, ஏடிஎஃப் பிரேக் டப்பாக்குள்ளயும் போக கூடாது. ரெண்டுமே அடுத்ததோட ரப்பர் சீல நாசம் பண்ணிரும், ஏடிஎஃப் கொஞ்சமா பிரேக்குக்குள்ள போனாலும் ரப்பரெல்லாம் ஊதி பிரேக்கே போயிரலாம். 11,400 போறத விட எனக்கு இந்த பயம் தான் பெருசு, இல்லாத கிளட்ச்ச தேடற கை எந்த டப்பாவ தொறக்கும்னு தெரியாது.

ஏஎம்டி வெச்சிருக்கறவங்க இத படிச்சுட்டு ஏமாறாதீங்க

இது டீச்சருக்கு இல்ல, மத்தவங்களுக்கு. 2014ல செலிரியோல வந்து அப்பறம் ஊரெல்லாம் பரவுன ஏஎம்டி இருக்கே, அது வேற ஜாதி. சாதா மேனுவல் கியர்பாக்ஸ், சாதா கிளட்ச் தட்டு, உங்க காலுக்கும் கைக்கும் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்குது, மாத்துது. மாருதி வண்டில அது தனி பம்ப், தனி ஆயில் வெச்ச ஹைட்ராலிக், அந்த ஆயில் லெவல பாக்கணும். கிளட்ச் தட்டும் தேயும், மாத்துனா ஸ்கேனர்ல புதுசா கத்து குடுக்கணும். மேட்டுல பிரேக்க விட்டு ஆக்சிலரேட்டர்லயே தாங்கி நிறுத்துனா தட்டு வெந்துரும். டிசிடின்னு சொல்ற டூயல் கிளட்ச் வண்டிலயும் ரெண்டு கிளட்ச் இருக்கு. கியருக்கு பதிலா பெல்ட்டும் புல்லியும் வெச்சு ஓடற சிவிடிக்கு ஆயிலே தனி, என் ஷெட்லயே ஒரு பையன் செகப்பா தான இருக்குன்னு சிவிடிக்குள்ள ஏடிஎஃப்ப ஊத்திட்டு, ஸ்டார்ட் பண்றதுக்குள்ள பாத்து ஓடி வந்து நிறுத்தி, ரெண்டு தடவ இறக்கி கழுவுன செலவு என் தலைல விழுந்துச்சு. ஆட்டோமேட்டிக்னு ஒரே பேருல நாலு விதமான பெட்டி இருக்கு, எதுன்னு தெரியாம ஆயில் வாங்காதீங்க.

அட்வான்ஸும் அந்த மனுஷனும்

பையன் சொல்ற மாதிரி ஏமாத்தறாருன்னு எனக்கு தோணல. ஏமாத்தறவன் உங்க வண்டில இருக்கற பார்ட்டா பாத்து எழுதுவான், இல்லாத பார்ட்ட பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு குடுக்க மாட்டான். இவரு பழைய வண்டி மனசோட எழுதிட்டாரு. கடைல போயி இந்த மாடல் ஆட்டோமேட்டிக்குக்கு கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கேட்டா குடுக்கவே பார்ட் நம்பர் இருக்காது, அங்கயே அவருக்கு தெரிஞ்சிரும். அதுக்கு முன்னாடி நீங்களே போயி, யாரும் இல்லாத நேரமா பாத்து, "தம்பி, அந்த சிலிண்டர் எங்க இருக்குன்னு கொஞ்சம் தொட்டு காட்டுங்களேன், எனக்கும் தெரியணும்"னு கேளுங்க. கீழ ரெண்டு பெடல் தான் இருக்குன்னு அவரே குனிஞ்சு பாப்பாரு. நாலு பேரு முன்னாடி கேட்டா வீம்புக்கு வேற எதையாவது கழட்டுவாரு.

4,000 ரூபாய திருப்பி கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, இல்லாத வேலைக்கு வாங்குன காசு அது. நீங்க கேட்டீங்களேன்னு சட்டத்தையும் சொல்லிடறேன், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல இது சேவை குறைபாட்டுல வரும், 1915ங்கற நம்பர்ல புகார் சொல்லலாம், மாவட்ட ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். எஸ்டிமேட் பேப்பர பத்திரமா வெச்சுக்கோங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வந்த மனுஷன் மேல 4,000க்கு கேஸ் போட உங்களுக்கு மனசு வராது, வர வேண்டிய அவசியமும் இல்ல. அந்த காசுல பிரேக் ஆயில் மாத்தி, பேட் பாத்து, கூலன்ட் மாத்தி குடுங்கன்னு சொல்லுங்க, இதெல்லாம் அவருக்கு கை வந்த வேல. கியர்பாக்ஸ் வேல மட்டும் வெளில, முடிஞ்சா அவரையும் கூட கூட்டிட்டு போங்க, ஒரு தடவ நின்னு பாத்தா அடுத்த வண்டிக்கு அவரே தயார்.

முட்டிய பத்தி கேட்டது

இடது காலால பிரேக் மிதிச்சு வலது காலுக்கு ஓய்வு குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாம். 14 வருஷம் கிளட்ச்ச அடி வரைக்கும் அமுக்கி பழகுன கால் அது, அவசரத்துல பிரேக்கையும் அப்படியே அமுக்கும், பின்னாடி வர்றவன் உங்க மேல ஏறுவான். ரெண்டு காலும் ரெண்டு பெடல்ல இருந்தா தெரியாமயே ரெண்டையும் சேத்து அமுக்குவீங்க, டார்க் கன்வெர்ட்டர் கொதிக்கும். இடது கால ஓரமா நீட்டி வெச்சுக்கோங்க, அதுக்கு தான இந்த வண்டிய வாங்குனீங்க. பாலத்து எறக்கத்துல மைலேஜுக்காக என்-ல (நியூட்ரல்) போடறதையும் விட்டுருங்க, டி-லயே ஆக்சிலரேட்டர விட்டா இன்ஜினுக்கு பெட்ரோல் போறதே நிக்கும், என்-ல போட்டா தான் ஐடிலிங்குக்கு பெட்ரோல் குடிக்கும். ஆர்-லேர்ந்து டி-க்கு வண்டி முழுசா நின்ன அப்பறம் தான் மாத்தணும். மேட்டுல நிறுத்தும்போது பிரேக்க மிதிச்சபடி என்-ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்க விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்ல உக்காந்த அப்பறம் பி-ல போடுங்க. என்னைக்காவது வண்டி நின்னு போனா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, முன் சக்கரம் ரெண்டும் தூக்கி தான் கொண்டு போகணும். பேட்டரி எறங்குனா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, வண்டில ஒரு ஜம்பர் கேபிள் போட்டு வைங்க.

ஆயில் இறக்கும்போது பழைய ஆயில்ல ரெண்டு சொட்ட ஒரு வெள்ளை பேப்பர்ல விட சொல்லி, பக்கத்துலயே புது ஆயில்ல ரெண்டு சொட்டு விட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க. தீஞ்ச வாடை அடிச்சுதா இல்லையான்னும் கூடவே ஒரு வரி எழுதுங்க, ரெண்டையும் பாத்துட்டு ரெண்டாவது தடவ எப்ப மாத்தறதுன்னு சொல்றேன்.